ஆளில்லாத மேட்டுத் தெரு

படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டவர் தங்கதுரை. பார்த்துவிட்டுப் பெருமையடிக்க யாராலும் முடியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் அந்த வருஷத்துக் காலண்டருக்குப் படம் தேடிக்கொண்டிருந்தார். சாமி படம் போட்டால் வருஷம் முடிந்ததும் கிழித்துப் போட முடியவில்லை என்று சனங்கள் சங்கடப்பட்டார்கள். தலைவர் படம் போட்டால் பாதி ஊர் வாங்காது. நடிகை படம் போட்டால் ஆண்கள் வாங்குவார்கள், பெண்கள் மாட்ட விடமாட்டார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு நீர்வண்ணப் படம் அவர் கண்ணில் பட்டது. தியாகதுருகம் மேட்டுத் தெரு. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், காரை பெயர்ந்த சுவர்கள், தெருக்கோடியில் நீலமாகக் கரைந்து நிற்கும் கோட்டை மலை. தெருவில் ஓர் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. ஆளில்லாத தெருவில் சாதி இல்லை, கட்சி இல்லை, மதம் இல்லை. இதைவிடப் பத்திரமான படம் கிடைக்காது என்று கடைக்காரர் முடிவு செய்தார். கீழே ‘அமைதியான பழைய தெரு’ என்று அச்சடித்து, அதற்கும் கீழே கடையின் பெயரை மலையைவிடப் பெரிதாகப் போட்டார்.

வரைந்தவன் பழனி, அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். அந்தத் தெரு அமைதியாக இருந்ததற்கு ஒரே காரணம், அவனுக்கு ஆட்களை வரைய வராது. கையை வரைந்தால் வாழைச் சீப்பு மாதிரி வரும். முகத்தை வரைந்தால் வாக்காளர் அட்டைப் படம் மாதிரி வரும். அவன் உட்கார்ந்து வரைந்த அன்று ஒரு கூட்டமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. எதிரில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் வண்டிக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான், வந்தான், மறுபடியும் போனான். எல்லாவற்றையும் பழனி தண்ணீரில் கழுவிவிட்டான்.

தங்கதுரைக்கு இதெல்லாம் தெரியாது. “உங்க வூடு காலண்டர்ல வந்துருக்குதாமே” என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வந்தார். கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று சொல்வார்களே என்று போடுவதில்லை. காலண்டரைத் தள்ளிப் பிடித்து, ஏதோ தெரு, ஏதோ வீடு, அதில் நம்முடையதும் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அன்றைக்கே கல்யாணத் தரகர் அம்மாசியைக் கூப்பிட்டார்.

“அம்மாசி, இத மணலூர்பேட்டைக்குக் கொண்டுக்கினு போ. பொண்ணு வூட்ல குடு. வலக்கைப் பக்கம் மூணாவது வூடு நம்முளுதுன்னு சொல்லு.”

“பையன் போட்டோவே இன்னும் குடுக்கலியேண்ணா.”

“பையனக் கல்யாணத்துல பாத்துக்கலாம். மொதல்ல வூட்டக் காட்டு.”

பையன் போட்டோவைக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கொளஞ்சிராஜாவுக்கு வயசு முப்பத்தி நாலு, ஜாதகத்தில் முப்பத்தொன்று, போட்டோவில் நாற்பது. நல்ல பையன்தான். நாலு ஏக்கர் கரும்பு, மோட்டார் கொட்டகை, டிராக்டர், அதிகம் பேசாத குணம். அத்தனையும் இன்றைக்குக் குறைகள். பெண்ணைப் பெற்றவன் கரும்பு என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து செருப்பைத் தேடுகிறான். கூலிக்காரன் மகளுக்குக்கூட கவர்மெண்டு மாப்பிள்ளைதான் வேண்டும். ஒரு டஜன் இடம் தட்டிப்போன பிறகு வந்தது மணலூர்பேட்டை ராஜாங்கத்தின் மகள் செவ்வந்தி. பி.காம். படித்தவள், வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனி வேலை பார்க்கிறாள். இவளும் போய்விட்டால் அடுத்து கொளஞ்சிராஜாவுக்குப் பார்க்க வேண்டியது பெண் அல்ல, சாமியார் மடம் என்று அமிர்தம் சொன்னாள். அவள் பெற்ற தாய், சொல்லலாம்.

காலண்டர் போன மறுநாள் அவளே அடுப்படிச் சுவரில் ஒன்றை மாட்டினாள். மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தாங்க, நம்ம வூடுன்னு எதச் சொன்னீங்க?”

“மூணாவது.”

“அது மாட்டுக் கொட்டாயி மாதிரில்ல இருக்குது.”

தங்கதுரை அவளுடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது வீட்டின் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஓடு சரிந்திருந்தது. சன்னல் கம்பியில் ஒன்று இல்லை. சுவரின் அடியில் பாசி, அந்தப் பாசியை அந்தப் பாவி அத்தனை ஆசையாக வரைந்திருந்தான். பச்சையில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையும் தங்கதுரையின் சுவரில்தான் இருந்தது. பக்கத்தில் பங்காளி கந்தசாமியின் வீடு. அதுவும் பாழ்தான், ஆனால் ஒரு தூண் மறைத்ததால் பாதிப் பாழ்தான் தெரிந்தது. அதுதான் தங்கதுரையை அதிகம் குத்தியது.

சாயந்திரம் அம்மாசி திரும்பி வந்தான்.

“இன்னா சொன்னாங்க?”

“ராஜாங்கம் ஒண்ணும் பேசல. அந்தப் பொண்ணுதான் படத்த வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. நெசமாவே இந்த வூடுதானா, இந்தத் தெருவுதானான்னு ரெண்டு தபா கேட்டுச்சு.”

“ரெண்டு தபாவா?”

“ஆமாண்ணா. அப்பறம் படத்த உள்ள எடுத்துக்கினு பூடுச்சு. வர்ற மாசம் வூடு பாக்க வர்றதா சொன்னாங்க.”

தங்கதுரைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, ஒன்றும் புரியவில்லை. படத்தை உள்ளே எடுத்துப்போனது நாலு சொந்தக்காரர்களுக்குக் காட்டிச் சிரிக்கத்தான். வருகிறேன் என்று சொன்னது நேரில் வந்து காறித் துப்பத்தான்.

அவர் பழனியைக் கூப்பிட்டு அனுப்பினார். பழனியின் அப்பா பாவாடை தங்கதுரையின் வயலில் கரும்பு வெட்டுகிறவர். அதனால் பழனி பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குள் இருந்தால் ‘வாத்தியாரே’, வெளியே வந்தால் ‘டேய்’. இந்த எல்லை இருவருக்கும் தெரியும்.

“இன்னாடா வரைஞ்சு வச்சிருக்க?”

“தெருங்கய்யா.”

“தெருவு தெரியுது. எம் வூட்ட எதுக்குடா பிச்சக்காரன் வேட்டியாட்டம் வரைஞ்ச?”

“இருந்தத வரைஞ்சேங்க.”

“முன்னால பால்கனி, சில்வர் கைப்பிடி, கண்ணாடிக் கதவு அம்மாம் இருக்குதே, அது உங்கண்ணுக்குத் தெரியலியா?”

“அது மெயின் ரோட்டுப் பக்கங்க. மேட்டுத் தெருவுக்கு உங்க வூடு முதுகக் காட்டிக்கினு இருக்குது. முதுகத்தான் வரைய முடிஞ்சுது.”

பொய் இல்லை. ஒரு காலத்தில் மேட்டுத் தெருதான் முகம். பிறகு பின்னால் இருந்த வண்டிப்பாதை தார் ரோடாகி, பஸ் ஓடி, கடைகள் வந்தபோது வீடு தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. தங்கதுரை முகத்துக்குக் கண்ணாடியும் கிரானைட்டும் போட்டார். முதுகுப் பக்கம் போனதே இல்லை. யாருக்கும் தன் முதுகு தெரியாது.

“வரையறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு சட்டய மாட்டியிருப்பேன்ல?” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, “சரி வுடு. அந்த எடத்துல மட்டும் ரோஸ் கலரு பூசிக் குடுத்துடு” என்றார்.

“நீர்வண்ணங்கய்யா. அழுத்தமா போட்டது மேல வெளுப்பா போட வராதுங்க. அப்படியே போட்டாலும், ஊரு பூரா அச்சடிச்சு மாட்டிட்டாங்களே.”

“அப்ப மாத்த முடியாது?”

“முடியாதுங்க.”

“படத்த மாத்த முடியாதுன்னா செவுத்த மாத்தறேன் போ.”

பழனி போனான். போகும்போது பழைய சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். துக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பாசியை வரைய மூன்று தாள்களைக் கெடுத்திருந்தான், அந்த ஞாபகம்.

அடுத்த வாரம் தங்கதுரையின் முதுகில் டைல்ஸ் ஏறியது. கள்ளக்குறிச்சிக்குப் போய் அவரே தேர்ந்தெடுத்தார். சுவர் முழுக்க ஒரே மயில், தோகை விரித்தது. இருபது சொச்சம் டைல்ஸ் சேர்ந்தால் ஒரு மயில். தோகையும் காலும் ஏறிவிட்டன, தலை இருந்த பெட்டி உடைந்து வந்ததால் அதை மாற்றி வாங்க வேண்டியிருந்தது. தலை இல்லாத மயில் மேட்டுத் தெருவைப் பார்த்து நின்றது.

பங்காளி கந்தசாமி அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தான். அவன் தங்கதுரையின் சித்தப்பன் மகன், சில மாதங்கள் இளையவன். அந்தச் சில மாதங்களுக்காக ஆயுள் முழுக்க ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டி வந்ததை அவன் மன்னித்ததில்லை.

“அண்ணே, மயிலு நல்லாத்தான் இருக்குது” என்றான். “ஆனா கெழக்கப் பாத்து மயிலு வைக்கக் கூடாதும்பாங்க. வூட்ல ஒரு காரியமும் நடக்காதாம்.”

“யாரு சொன்னது?”

“நாந்தான்.”

மறுநாள் கந்தசாமி வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. அவன் சுவருக்கு ஏழு குதிரைகள். வெள்ளைக் குதிரைகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு நேராகத் தங்கதுரையின் மயிலை நோக்கி ஓடி வந்தன. அதைப் பார்த்து எதிர் வீட்டுப் பெரியநாயகி, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டு நீர்வீழ்ச்சி கேட்டாள். காலண்டரில் தங்கள் வீட்டையும் பாழாகப் பார்த்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மானம் வந்தது. மாவு மில்லின் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு மேட்டுத் தெருவில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் அலறியது. பல்லுக்குள் கம்பியைவிட்டு இழுக்கிற சத்தம். தெருவெங்கும் வெள்ளைத் தூசி. கோட்டை மலை தெரியவில்லை.

ராஜாங்கம் வீட்டார் ஒரு புதன்கிழமை காரில் வந்து இறங்கினார்கள். ராஜாங்கம், அவர் அக்கா, கூட அம்மாசி. கடைசியாக இறங்கியவளைப் பார்த்து அமிர்தம் திகைத்துப்போனாள். செவ்வந்தியே வந்திருந்தாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது வழக்கம்தான். பெண்ணே வருவது வழக்கமில்லை.

“நாந்தானே இருக்கப் போறேன்” என்றாள் அவள், யாரும் கேட்காமலே. கண்களுக்குக் கீழே கருவளையம். நடுப்பகலில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தங்கதுரை முன்பக்கத்தைச் சுற்றிக் காட்டினார். பால்கனி, சில்வர் கைப்பிடி, கண்ணாடிக் கதவு. வெளியே கரும்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. செவ்வந்தி ஒவ்வொரு ஹாரனுக்கும் முகத்தைச் சுளித்தாள். கூடத்தில் இலை போடத் தயாராக இருந்தது. கேசரி, வடை, சாம்பார். ஆனால் யாரும் உட்காரவில்லை. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிடுவார்கள். அதனால் தங்கதுரையின் கண் பேச்சு முழுக்க ராஜாங்கத்தின் கையிலேயே இருந்தது. அது வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

“படத்துல இருக்கற பக்கம் எது மாமா?” என்றாள் செவ்வந்தி.

வந்துவிட்டது வினை என்று நினைத்தார் தங்கதுரை. அசிங்கப்படுத்தத்தான் மாமா என்கிறாள். “அது பழைய படம்மா. இப்ப மாத்தியாச்சு. வா, காட்டறேன்.”

பின்பக்க அறையைத் திறந்தார். தன் வீட்டு வேலையை அன்றைக்கு நிறுத்தச் சொல்லியிருந்தார். கந்தசாமி நிறுத்தவில்லை. விருந்தாளி வந்திருக்கும்போதுதான் ஏழாவது குதிரை ஏற வேண்டும் என்று ஆட்களைக் காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தான். தெருப்பக்கக் கதவைத் திறந்ததும் மெஷின் சத்தம் அறைக்குள் பாய்ந்தது.

செவ்வந்தி வெளியே எட்டிப் பார்த்தாள். தலையில்லா மயில். குதிரைகள். நீர்வீழ்ச்சி. தூசியில் சனம். அவள் முகம் வாடியது.

“படத்துல யாருமே இல்லியே” என்றாள்.

“இன்னா?”

“ஒரு சத்தமும் இல்லாத தெருன்னு நெனச்சேன். நான் ராத்திரில வேலை செய்யறவ மாமா. அமெரிக்கா ஆஸ்பத்திரிங்களோட பில்லு பாக்கறது. வெடிஞ்சாத்தான் தூங்குவேன். மணலூர்பேட்டைல எங்க வூடு பஸ் ஸ்டாண்டு எதுர்ல. நான் ஒழுங்கா தூங்கி ரெண்டு வருஷம் ஆவுது. அந்தப் படத்தப் பாத்துட்டு, இந்த ரூமு, இந்தத் தெருவு, இங்க தூங்கலாம்னு நெனச்சேன். அதான் எங்கப்பாகிட்ட இந்த எடத்தையே பேசுங்கன்னேன்.”

“எத்தினியோ கவர்மெண்டு மாப்பிள்ளைங்க வந்தாங்க” என்று ராஜாங்கம் சங்கடத்தோடு இழுத்தார். “இவ தூங்கணும்னுட்டா.”

தங்கதுரைக்குக் காது அடைத்தது. அது மெஷினால் மட்டும் அல்ல. பாசியோடு, பெயர்ந்த காரையோடு அந்தச் சுவர் சும்மா நின்றிருந்தால் இந்நேரம் கேசரி பாதி காலியாகியிருக்கும். தெருவில் முதல் மெஷினைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்.

“அது இப்ப நின்னுரும்மா” என்றார். “கொஞ்சம் இரு.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுத் தெருவில் இறங்கினார். சன்னலோரம் செவ்வந்தி, அவள் பின்னால் ராஜாங்கமும் அமிர்தமும், ஓரமாகக் கொளஞ்சிராஜா. அவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கந்தசாமி குதிரைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“கந்தசாமி, ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லு.”

“எதுக்கு?”

“வூட்டுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்துருக்காங்க.”

“தெரியும். குதுரய நல்லா பாத்துக்கினாங்களா?”

“சத்தம் ஜாஸ்தியா இருக்குதுடா.”

“நீ ஓட்டுனா டைல்ஸு வேல, நான் ஓட்டுனா சத்தமாண்ணே? ஒரு மாசமா உம் மெஷினு கத்துனப்ப நான் வந்து கேட்டனா?”

தங்கதுரை சன்னலைத் திரும்பிப் பார்த்தார். ராஜாங்கத்தின் கை இப்போது கார் சாவியை எடுத்திருந்தது.

“இன்னா வேணும் உனக்கு?”

கந்தசாமி சாவகாசமாக யோசித்தான். “ஒண்ணும் வேணாம். மயிலவுட குதுரதான் ஒசத்தின்னு சொல்லு. நிறுத்திடறேன்.”

அது சின்ன வாக்கியம். தங்கதுரை வாயைத் திறந்தார். வரவில்லை. எம்.எல்.ஏ. காலில் விழுந்திருக்கிறார், சர்க்கரை ஆலை மேஸ்திரிக்குக் குடை பிடித்திருக்கிறார், அதெல்லாம் வலித்ததில்லை. இது சித்தப்பன் மகன். பொங்கலுக்கு யார் மாட்டுக்கு முதலில் சோறு என்பதில் தொடங்கிய போட்டி, இருவரும் கிழடான பின்னும் ஓயவில்லை. மெஷின் ஒரு டைல்ஸை முடித்து அடுத்ததைப் பிடித்தது. சன்னலில் செவ்வந்தி திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

“குதுரதான் ஒசத்தி” என்று முணுமுணுத்தார்.

“இன்னாண்ணே? மெஷினு சத்தத்துல கேக்கல.”

“குதுரதான் ஒசத்தி.”

“ம்ஹூம்.”

தங்கதுரை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வயலில் தண்ணீர் திருப்ப ஆளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார். கந்தசாமி சரியாக அந்த நேரம் பார்த்து டைல்ஸ் மேஸ்திரிக்குக் கையைக் காட்டினான். மெஷின் நின்றது. சத்தம் நின்ற தெருவில், தூசிக்கு நடுவில், ஓர் ஆளின் குரல் மட்டும் கோட்டை மலை வரை போனது.

“மயிலவுட குதுரதான் ஒசத்தி.”

பெரியநாயகி வீட்டுக் கதவு திறந்தது. மாவு மில்லில் அரைக்கக் காத்திருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள்.

தங்கதுரை வீட்டுக்குள் வந்தபோது செவ்வந்தி அந்த அறையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நின்றுகொண்டே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

“இப்ப நல்லா இருக்குது” என்றாள் கண்ணைத் திறந்து. “ஆனா இன்னைக்கி இவுரு மெஷினு, நாளைக்கி இன்னொருத்தரு மெஷினு. தெனம் யாரு போயி சொல்லுவாங்க?”

கொளஞ்சிராஜா தொண்டையைச் செருமினான்.

“அப்பா போவாரு” என்றான்.

தங்கதுரை மகனைப் பார்த்தார். முப்பத்தி நாலு வருஷத்தில் அவன் இத்தனை தெளிவாகப் பேசி அவர் கேட்டதில்லை. அமிர்தம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செவ்வந்தி முதல்முறையாகக் கொளஞ்சிராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தங்கதுரையைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

“போறேம்மா” என்றார் தங்கதுரை. “பக்கத்துலதான.”

அவள் அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, கை கழுவக் குழாய் எங்கே என்று அமிர்தத்திடம் கேட்டாள். ராஜாங்கம் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் பின்னால் போனார். அம்மாசி எல்லோருக்கும் முன்னால் இலையில் உட்கார்ந்துவிட்டான்.

கேசரி பரிமாறும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கந்தசாமியின் குரல் வந்தது.

“அண்ணே, நாளைக்கி எந்நேரத்துக்கு வர்ற? தெருவுல நாலு பேர வரச் சொல்லணும்.”